கட்டத்தின் மேல் கட்டம்

என் ஆபீஸ் கம்ப்யூட்டரில் இரண்டு மீட்டிங் ஒரே நேரத்தில் விழுந்துவிட்டால் ஓரத்தில் ஒரு சிவப்புக் கோடு வரும். நேரம் மோதுகிறது என்று எச்சரிக்கும். பக்கத்திலேயே 'சரிசெய்' என்று ஒரு பொத்தானும் இருக்கும். நான் அதைத் தொடுவதில்லை. மோதட்டும் என்று விட்டுவிடுவேன். மேனேஜர் கூப்பிட்டுச் சொல்லிப் பார்த்துவிட்டார். ஒழுங்கில்லாத பெண் என்ற பெயரும் வாங்கியாகிவிட்டது. வாங்கிக்கொண்டேன். ஒழுங்கான ஒருத்தியோடு ஒரே ரயிலில் காலேஜுக்குப் போய் வந்தவள் நான். அதற்குப் பிறகு எனக்கு அதில் பெரிய மரியாதை இல்லை.

அக்கா என்றுதான் கூப்பிடுவேன். எனக்கு ஒரு வருடம் சீனியர். அவள் மாரிக்குப்பத்தில் ஏறுவாள், ரயில் கிளம்பும் இடமே அதுதான். நான் அடுத்த ஸ்டேஷனான சாம்பியனில் ஏறுவேன். ஜன்னலோரத்தில் அவள் பை எனக்காக உட்கார்ந்திருக்கும். நான் வந்து நின்றதும் பையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வாள். பெங்களூர் போய்ச் சேரும்வரை அந்தப் பெட்டியில் பெண்கள் தலை பின்னுவார்கள், அவரைக்காய் உரிப்பார்கள், வாயைத் திறந்துகொண்டு தூங்குவார்கள். இவள் மட்டும் போனில் நேரத்தை வெட்டிக்கொண்டிருப்பாள்.

வெட்டுவது என்று சும்மா சொல்லவில்லை. அவள் காலண்டரைத் திறந்தால் கண் கூசும். வகுப்புக்குப் பச்சை, ரயிலுக்கு நீலம், படிப்புக்கு ஆரஞ்சு, அப்பாவுக்கு மஞ்சள். மஞ்சள்தான் அதிகம். டைமர் ஒன்று வைத்திருந்தாள். இருபத்தைந்து நிமிடம் படிப்பு, ஐந்து நிமிடம் ஓய்வு. அந்த ஐந்து நிமிடத்தில் என்னோடு நன்றாகவே பேசுவாள், சிரிப்பாள், வகுப்பில் யார் யாரைப் பார்க்கிறார்கள் என்பது முதற்கொண்டு சொல்வாள். மணி அடித்ததும் பாதி வாக்கியத்தில் நிறுத்திவிடுவாள். "அந்தப் பையன் இன்னா சொன்னான்னா" என்று நிறுத்திவிட்டுக் காஸ்ட் அக்கவுண்டிங்கில் தலையை விட்டால், அந்தப் பையன் என்ன சொன்னான் என்று தெரிய நான் மாலூர் தாண்டும்வரை காத்திருக்க வேண்டும். எரிச்சலாக வரும்.

போனைத் தொடாமல் இருந்தால் திரையில் ஒரு செடி வளரும், தொட்டால் வாடிவிடும் என்று ஒரு ஆப் எனக்கும் போட்டுக் கொடுத்தாள். என் செடிகள் ஒன்றுகூட வழியில் வரும் பங்காருபேட்டையைப் பார்த்ததில்லை. அவளிடம் ஒரு காடே இருந்தது.

இவ்வளவும் எதற்கு என்று பார்த்தால் அவள் அப்பாவுக்காக. தங்கச் சுரங்கம் மூடும்வரை உள்ளே டிரில் பிடித்த மனிதர். அந்தத் தூசி நுரையீரலில் தங்கிவிட்டது. கட்டில் பக்கத்தில் ஆக்ஸிஜன் மெஷின், மூக்கில் டியூப். மெஷின் கரண்டில் ஓடுவது. எங்கள் பக்கம் கரண்ட் எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. போனால் உடனே யாராவது சிலிண்டரைத் திறந்து டியூபை மாற்றிக் கொடுக்க வேண்டும். அவரால் அது முடியாது, கை நடுங்கும். ஆகவே வீட்டில் எந்நேரமும் ஒரு ஆள் இருந்தாக வேண்டும். அம்மா இல்லை. அவள் ஒருத்திதான். அந்த ஒருத்தி பெங்களூரில் காலேஜ் படித்தாள்.

அதனால் அப்பாவின் நாளைத் துண்டுகளாக வெட்டினாள். காலையில் பக்கத்து வீட்டு ஆன்ட்டி. அந்த ஆன்ட்டி மதியம் கார்மெண்ட்ஸ் வேலைக்குப் போவார், தெருமுனைக்குக் கம்பெனி பஸ் வரும். மதியத்திலிருந்து இவள் வந்து சேரும்வரை பெரியப்பா. சொந்தப் பெரியப்பா இல்லை. அப்பாவோடு சுரங்கத்துக்குள் ஒரே லெவலில் வேலை செய்தவர், தொழிலாளர் வீட்டு வரிசைகளில் நாலு லைன் தள்ளி வீடு, முழங்கால் தேய்ந்து போனவர். இரண்டு பேர் போனிலும் இவளுடைய காலண்டரை ஏற்றி வைத்திருந்தாள். அவரவர் நேரம் வந்தால் அவரவர் போன் அடிக்கும்.

அந்தக் காலண்டரில்தான் வேடிக்கை. கட்டங்கள் ஒன்றன் பக்கத்தில் ஒன்று நிற்காது. ஒவ்வொன்றும் அடுத்ததன் மேல் பத்து நிமிடம் ஏறி உட்கார்ந்திருக்கும். ஆன்ட்டியின் நேரம் முடிவதற்குப் பத்து நிமிடம் முன்பே பெரியப்பாவின் நேரம் தொடங்கிவிடும். காலண்டர் முழுக்கச் சிவப்புக் கோடு.

"இன்னாக்கா இது, எல்லாம் மேல மேல ஏறிக் கீது" என்று முதல் தடவை கேட்டேன்.

"ரிலீவ்" என்றாள். "சுரங்கத்துல மணி ஆயிடுச்சுன்னு யாரும் கெளம்ப மாட்டாங்களாம். அடுத்த ஷிப்ட் ஆள் கண்ணு முன்னாடி வந்து நிக்கணும். 'நான் வந்துட்டேன், நீ போ'ன்னு சொல்லணும். போறவரு 'இந்த எடத்துல கல்லு லூசா கீது, பாத்துக்க'ன்னு ஒரு வார்த்தை சொல்ட்டு அப்பால மேல வர்ற கேஜ் லிஃப்ட்ல ஏறுவாராம். அப்பா அப்டித்தான் பழக்கினாரு."

"ஆளு வரலன்னா?"

"உக்காந்துனு இருக்கணும்."

இந்த வழக்கத்தை அவள் வீட்டோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. எங்கும் அப்படித்தான். லைப்ரரியில் படித்து முடித்து நோட்டை மூடிவிடுவாள், எழமாட்டாள். அடுத்து ஒருத்தி வந்து நாற்காலிக்காக நிற்க வேண்டும். "நீங்க உக்காருங்க, இந்த ஃபேன் கொஞ்சம் சத்தம் போடும்" என்று சொல்லிவிட்டுத்தான் எழுவாள். மூடும் நேரத்தில் யாரும் வராமல் லைப்ரரியன் அம்மாவே வந்து நிற்க, அவரையும் உட்காரச் சொல்லிவிட்டு வந்தாள். கேண்டீன் குழாயில் கை கழுவிவிட்டு, பின்னால் யாராவது வரும்வரை குழாயடியிலேயே நிற்பாள். நாங்கள் கேலி செய்வோம். பாத்ரூமிலும் இப்படித்தானா என்று ஒருத்தி கேட்டாள். அவள் யோசித்துப் பார்த்து, இல்லை என்று சீரியஸாகச் சொன்னாள்.

லீவு விட்ட ஒரு சனிக்கிழமை காலையில், அவளோடு கடைக்குப் போய்விட்டு அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். ஆன்ட்டி கட்டில் பக்கத்தில் பீன்ஸ் கிள்ளிக்கொண்டிருந்தார். இவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று, "நான் வந்துட்டேன், நீங்க போங்க" என்றாள். ஆன்ட்டி, "கஞ்சி பாதிதான் குட்ச்சாரு" என்று சொல்லிவிட்டு எழுந்தார். கட்டிலில் இருந்த அப்பா இரண்டு பேரையும் பார்த்துத் தலையை ஆட்டினார். ஷிப்ட் சரியாக மாறியது என்று கையெழுத்துப் போடுவதுபோல இருந்தது அது. என்னைப் பார்த்து, "நீ எந்த ஷிப்டும்மா" என்று கேட்டார். நான் சும்மா வந்தேன் என்றேன். "சும்மா வர்றவங்களும் வேணும்" என்றார். மூச்சு வாங்கி வாங்கி அதைச் சொல்லி முடிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

அவளுடைய கடைசி வருடத்தில் காலேஜில் நேர நிர்வாகம் என்று ஒரு பயிற்சி வைத்தார்கள். கோட் போட்ட ஒருவர் வந்தார். எல்லோரும் ஒரு புது ஆப்பை இறக்கி, அவரவர் காலண்டரை அதில் ஏற்ற வேண்டும். எங்கே நேரம் வீணாகிறது என்று அதுவே காட்டுமாம். அவர் பெஞ்சு பெஞ்சாக வந்து பார்த்தார். அக்காவின் போனில் நின்றுவிட்டார்.

"ஒரே நேரத்தை ரெண்டு பேருக்கு ஏம்மா கொடுத்திருக்கீங்க?"

"அது ரிலீவ் சார்."

அவர் கெட்டவர் இல்லை. பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். கேட்டுவிட்டு, "நல்ல பழக்கம்தான். ஆனா கூட்டிப் பாருங்க, ஒவ்வொரு நாளும் எத்தனை பத்து நிமிஷம் போகுது. உங்களுக்குத் தூங்கவே நேரம் இல்லையே" என்றார். அது உண்மை. காலேஜ், ரயில், சமையல், அப்பா, அதற்கு மேல் கடைசி செமஸ்டர் புராஜெக்ட். அந்த வருடம் அவள் கண்ணுக்குக் கீழே எப்போதும் கருப்பாக இருந்தது. கேம்பஸ் இன்டர்வியூ வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. வேலை கிடைத்தால் அப்பாவை நல்ல ஆஸ்பத்திரி பக்கத்தில் பெங்களூரிலேயே வைத்துக்கொள்ளலாம் என்பது அவள் கணக்கு. அதற்கு முதலில் பாஸாக வேண்டும்.

அன்று திரும்பி வரும்போது ரயிலில் அந்தப் புது ஆப்பில் இருந்த 'சரிசெய்' பொத்தானை அவளே அழுத்தினாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். கட்டங்கள் எல்லாம் நகர்ந்து, ஒன்றின் விளிம்பில் இன்னொன்று வந்து ஒட்டிக்கொண்டன. சிவப்புக் கோடு ஒன்றுகூட இல்லை. ரொம்ப அழகாக இருந்தது.

"பாரு, அரைமணி நேரம் கெட்ச்சுக் கீது" என்றாள். அந்த அரைமணிக்கு ஒரு புது நிறம் கொடுத்தாள், வெளிர் ஊதா. மேலே 'தூக்கம்' என்று எழுதினாள். பிறகு அந்தக் கட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு பெண் புதுப் புடவையைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

கொஞ்ச நாள் நன்றாகத்தான் போனது. அவள் முகம் தெளிந்தது. ரயிலில் பேசும்போது ஒரு தடவை மணி அடித்தும் பேச்சை நிறுத்தாமல் முடித்தாள். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

நடந்தது இதுதான். பெரியப்பா போனில் நேரம் பார்க்கிறவர் இல்லை. ஒலி கேட்டால் கிளம்புகிறவர். அந்தக் காலத்தில் சுரங்கத்துச் சங்கு ஊதினால் எழுந்து செருப்பு மாட்டிய பழக்கம். முன்பெல்லாம் பத்து நிமிடம் முன்னதாக அடிக்கும். அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நாலு லைன் நடந்து வந்து சேரும்போது ஆன்ட்டியின் நேரம் சரியாக முடியும். இப்போது அவர் போன் அடிக்கும் அதே நொடியில் ஆன்ட்டியின் போனும் அடித்து, நேரம் முடிந்தது என்றது. அவர் அங்கே செருப்பு மாட்டும்போது இங்கே தெருமுனையில் கம்பெனி பஸ் ஹாரன் அடிக்கும். ஆன்ட்டி முதலில் பெரியப்பாவுக்காக நின்றுதான் பார்த்தார். பஸ் போய்விட்டது, சூப்பர்வைசரிடம் பேச்சு வாங்கினார். அப்பாவேதான் அதன் பிறகு, "நீ போம்மா, அவன் வந்துனு தானே கீறான்" என்று அனுப்பிவிடுவாராம். பத்து நிமிடம் தானே என்று இரண்டு பேருமே நினைத்திருக்கிறார்கள். இதை அக்காவிடம் சொல்லி அவள் தூக்கத்தைக் கெடுக்க வேண்டாம் என்றும் நினைத்திருக்கிறார்கள்.

அது நடந்த அன்று கரண்ட் போகவில்லை. மெஷின் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. டியூப் தலையணைமேல் காற்றை ஊதிக்கொண்டு கிடந்தது. அப்பா எழுந்து வாசலுக்குப் போயிருந்தார். கதவைத் திறந்து, நிலையைப் பிடித்து, படியில் உட்கார்ந்து, தெருவைப் பார்த்தபடி இருந்தார். ஆள் வருகிறதா என்று பார்க்க எழுந்திருப்பார் என்பதைத் தவிர வேறு காரணம் யாருக்கும் தோன்றவில்லை.

பெரியப்பா தூரத்திலிருந்தே பார்த்துவிட்டு, நண்பன் இன்று வெளியே வந்து உட்கார்ந்திருக்கிறானே என்று சந்தோஷப்பட்டாராம். கிட்டே வந்து, வழக்கம்போல, "நான் வந்துட்டேன், நீ போ" என்றாராம். சாவு வீட்டில் வந்தவர்கள் எல்லோரிடமும் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். "நான் சொல்ற வரைக்கும் உசிரு இருந்துச்சு. சொன்ன அப்பால தான் போனான்." உண்மையா என்று யாரும் கேட்கவில்லை. ஆன்ட்டி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அக்கா அவர் கையைப் பிடித்து, "நீங்க இல்ல ஆன்ட்டி. நான்தான் அந்தப் பட்டன அமுக்கி ஓகே குட்த்தேன்" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் குரலில் ஒன்றும் இல்லை. மார்க்ஷீட் நகலை எங்கே வைத்தேன் என்று சொல்கிற குரல்தான்.

சவப்பெட்டி மேல் பூ வைத்தார்கள். சர்ச்சிலிருந்து ஆட்கள் வந்து பாடினார்கள். அவள் போன் நடுநடுவே அதிர்ந்துகொண்டே இருந்தது. படிப்பு, ஓய்வு, படிப்பு. எடுத்துத் தள்ளிவிட்டுத் தள்ளிவிட்டுப் பையில் வைத்தாள். அணைத்துவிடலாமே என்று எனக்குத் தோன்றியது. அவள் அழவில்லை. எனக்கும் அழுகை வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். உள்ளே ஒரு இடம் மரத்துப்போய், பல் டாக்டர் ஊசி போட்ட கன்னம்போலக் கிடந்தது.

அட்டெண்டன்ஸ் குறைவு என்று அடுத்த வாரமே காலேஜுக்கு வந்தாள். ஜன்னலோரத்தில் எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தாள். காலண்டரைத் திறந்தபோது எட்டிப் பார்த்தேன். கட்டங்கள் மறுபடி ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தன. ஒவ்வொன்றாகக் கையாலேயே இழுத்து ஏற்றியிருக்கிறாள். மஞ்சள் கட்டங்களும் அப்படியே இருந்தன. ஆன்ட்டியும் பெரியப்பாவும் மட்டும் இல்லை, பெயர்களை எடுத்துவிட்டிருந்தாள். ஊதாக் கட்டம் எங்கும் இல்லை.

படித்தாள், புராஜெக்ட் கொடுத்தாள், பரீட்சை எழுதினாள், பாஸானாள். ஓய்வு ஐந்து நிமிடத்தில் என்னோடு பேசினாள், சிரித்தாள். சிரிப்பு வர வேண்டிய இடத்தில் சரியாக வந்தது. எனக்குத்தான் அவள் பக்கத்தில் உட்கார ஒரு மாதிரி இருந்தது. பயம் என்று சொல்ல முடியாது. அவளை எதுவும் கேட்கக் கூடாது என்பது மட்டும் தெரிந்தது.

பரீட்சைகளுக்கு நடுவில் ஒருநாள், எங்களோடு வரும் ஒரு நர்ஸ் என்னிடம் ரகசியமாகச் சொன்னார். "உங்க அக்கா மாரிக்குப்பத்துல எறங்கறதே இல்ல. எல்லாரும் போன அப்பால தனியா உக்காந்துனு கீது. பெட்டி பெருக்கற அம்மா வந்தா தான் எழுந்து போவுது."

அந்தச் சனிக்கிழமை எங்களுக்கு அரைநாள். மதிய ரயிலில் திரும்பினோம். சாம்பியன் வந்தது. நான் எழவில்லை. "எறங்கலையா?" என்றாள். மாரிக்குப்பத்தில் ஒரு வேலை இருக்கிறது என்றேன். 

மாரிக்குப்பத்தில் எல்லோரும் இறங்கினார்கள். பெட்டி காலியாயிற்று. ஜன்னலுக்கு வெளியே வெயில், அதற்கு அப்பால் தங்கம் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய சயனைடு மண் மேடு. அவள் பையை மடியில் வைத்துக்கொண்டு, கிளம்பத் தயாராக, உட்கார்ந்திருந்தாள். நான் எதிர் சீட்டில் இருந்தேன்.

"போலாமாக்கா?"

"போணும். யாராவது வரட்டும்."

"கடைசி ஸ்டேஷன்க்கா. இங்க யாரு வருவாங்க?"

"வருவாங்க" என்றாள். கோபம் இல்லை, அழுகை இல்லை. பஸ் வரும் என்று சொல்வதுபோலச் சொன்னாள். மதிய நேரத்தில் பெருக்குகிற அம்மாவும் வரக் காணோம். பிளாட்பாரத்தில் ஒரு நாய் படுத்திருந்தது. அவள் கையைப் பிடித்து இழுக்கலாம் என்று நினைத்தேன். அதற்கு வருகிறவள் இல்லை என்றும் தெரிந்தது.

எழுந்துபோய் அவள் முன்னால் நின்றேன்.

"நான் வந்துட்டேன். நீங்க போங்கக்கா."

அவள் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். அப்பா சாவுக்குப் பிறகு என்னை அன்றுதான் பார்த்தாள் என்று எனக்குப் பட்டது. மெதுவாகத் தோளில் பையை மாட்டிக்கொண்டாள்.

"கரண்ட் போச்சுன்னா சிலிண்டர் சாவிய எடப்பக்கமா திருப்பணும்" என்றாள். "கொஞ்சம் டைட்டா இருக்கும்."

"சரிக்கா."

"டியூபு மடியாம பாத்துக்க."

"பாத்துக்கறேன்."

அவள் எழுந்தாள். நான் அந்த இடத்தில் உட்கார்ந்தேன். நான் உட்காரும்வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தாள். பிறகு இறங்கி, தண்டவாளத்தைத் தாண்டி, லைன் வீடுகளின் பக்கம் நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. ஷிப்ட் முடிந்து போகிறவர்கள் திரும்பிப் பார்ப்பதில்லை போலிருக்கிறது.

ரயில் கொஞ்ச நேரத்தில் பங்காருபேட்டைக்குத் திரும்பக் கிளம்பியது. சாம்பியன் வந்தது. என் வீடு அங்கிருந்து கூப்பிடு தூரம். பெட்டியில் யாரும் ஏறவில்லை. நான் எழவில்லை. ஊரிகத்திலும் யாரும் ஏறவில்லை. பங்காருபேட்டையில் துணிப்பையோடு ஒரு அம்மா ஏறி, அத்தனை காலி இடங்களையும் விட்டுவிட்டு என் பக்கம் வந்து, ஜன்னலோரத்தைக் காட்டி, இங்கே யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார்.

"இருந்தாங்க" என்றேன். "நீங்க உக்காருங்க."